"இந்த வயசுல அதெல்லாம் வராது"

"நெஞ்சு வலிக்குது" என்று ஒரு பெண் சொன்னால் நம் வீடுகளில் முதலில் சோடா வரும். கொஞ்சம் பயந்த வீடாக இருந்தால் இசிஜி எடுக்கக் கூட்டிப்போவார்கள். அவள் சொல்ல வந்தது "மார்ல கட்டி மாதிரி ஏதோ தட்டுப்படுது" என்பதாக இருக்கலாம். அந்தச் சொல் வாயில் வராமல் "நெஞ்சு" என்று மாற்றிச் சொல்லியிருப்பாள். அம்மாவிடமே அப்படித்தான் சொல்கிறோம். டாக்டரிடம் போகும்போது குரல் இன்னும் தாழ்ந்துவிடுகிறது. ஒரு சொல்லைச் சுற்றி வளைத்துப் போவதிலேயே வாரங்கள் ஓடிவிடுகின்றன, சில நேரம் மாதங்கள்.

தைரியமாகச் சொல்லிவிட்டாலும் அடுத்த தடை ஒன்று உண்டு. "உனக்கு என்ன வயசு, இருபத்தாறா? இந்த வயசுல அதெல்லாம் வராது, போ." அன்பாகச் சொல்லப்படும் வாக்கியம்தான். பத்தில் ஒன்பது முறைக்கு மேல் அது உண்மையாகவும் இருக்கும். மீதி இருக்கிற அந்தச் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய் பற்றி எதுவுமே தெரியாத ஓர் இளம்பெண்ணும், அவளுக்குத் துணை நிற்க வேண்டிய அம்மா, அக்கா, தோழி, கணவன் ஆகியோரும் படித்தால் புரிகிற மாதிரி.

மார்புக்குள் என்ன இருக்கிறது

இயல்பு எது என்று தெரியாமல் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

மார்பகத்துக்குள் 15 முதல் 20 வரை மடல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு திராட்சைக் கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். திராட்சைகள் பால் சுரக்கும் சிறு பைகள், காம்புகள் பாலைக் கொண்டுவரும் குழாய்கள். எல்லாக் குழாய்களும் முலைக்காம்பை நோக்கி வருகின்றன. இடைவெளிகளில் கொழுப்பும் நார்த்திசுவும் நிரம்பியிருக்கும். இந்தத் திசு பிரா மூடுகிற இடத்தோடு நின்றுவிடுவதில்லை. மேலே கழுத்தெலும்புப் பக்கமும் ஓரத்தில் அக்குள் வரையும் நீள்கிறது. அக்குளில் வருகிற கட்டியையும் மார்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், மார்பிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேர்வது அக்குளில் இருக்கும் நெறிகள் என்ற சிறு முடிச்சுகளுக்கு.

மாதவிடாய் வருகிற பெண்ணின் மார்பு மாதம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னால் ஹார்மோன்களால் திசு நீர்கோத்துக் கனக்கும், தொட்டால் வலிக்கும், நிலக்கடலையைத் துணியில் மூட்டை கட்டித் தடவிப் பார்த்தது போலக் கரடுமுரடாக இருக்கும். பீரியட்ஸ் முடிந்ததும் தளர்ந்துவிடும். ஒரு பக்கம் கொஞ்சம் பெரிது, ஒரு பக்கம் சிறிது என்பதும் இயல்புதான். பிறந்ததிலிருந்தே உள்வாங்கிய காம்பு இருப்பவர்களும் உண்டு. வலியை மட்டும் வைத்து யாரும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டியதில்லை. மாதாமாதம் வந்து போகும் வலி பெரும்பாலும் ஹார்மோன் வேலை. ஆனால் வலிக்காத கட்டியைப் "வலிக்கலையே, விடு" என்று விட்டுவிடுவது பெரிய தவறு. தொடக்கத்தில் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

புற்றுநோய் என்பது என்ன? உடம்பில் செல்கள் பிரிந்து பெருகுவதற்கு ஒரு கணக்கு உண்டு. எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளை மரபணுவில் எழுதியிருக்கும். அந்த எழுத்தில் பிழைகள் சேர்ந்துகொண்டே போனால் ஒரு செல் நிறுத்தமில்லாமல் பெருகத் தொடங்குகிறது. மார்பில் இது பெரும்பாலும் பால் குழாயின் உள்சுவரில் தொடங்கும். குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் வரை வேறெங்கும் பரவாது. சுவரைத் தாண்டிவிட்டால் பக்கத்துத் திசுவுக்கும், அக்குள் நெறிக்கும், இரத்தம் வழியாக எலும்பு, ஈரல், நுரையீரல், மூளைக்கும் போக வழி கிடைக்கிறது. ஸ்டேஜ் என்று சொல்வதெல்லாம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கணக்குதான்.

இளவயதுக் கட்டிகள் பெரும்பாலும் என்ன

பதினைந்து வயதிலிருந்து முப்பத்தைந்துக்குள் வருகிற கட்டிகளில் ஃபைப்ரோஅடினோமாதான் அதிகம். ரப்பர் பந்து போல வழவழப்பாக, விரலுக்கு அடியில் நழுவி ஓடும். ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து மருத்துவர்கள் இதை எலி என்றே சொல்வதுண்டு. இது புற்றுநோயில்லை. ஸ்கேனிலும், தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனையிலும் உறுதி செய்துகொண்ட பின் சிறியதாக இருந்தால் எடுக்காமலே விட்டு, அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். நீர்க்கட்டிகளும் வரும். ஊசியால் நீரை எடுத்தால் அடங்கிவிடுவது அதிகம்.

அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தைக்கு முலைக்காம்புக்கு நேர் பின்னால் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக, தொட்டால் வலிக்கிற மாதிரி ஏதோ தட்டுப்படும். பதறிப்போய் அதை அறுத்தெடுக்கச் சொல்லிவிடாதீர்கள். அது மார்பு அரும்பும் மொட்டு. பல குழந்தைகளுக்கு ஒரு பக்கம் முதலில் அரும்பி, சில மாதம் கழித்துத்தான் மறுபக்கம் வரும். அந்த மொட்டைக் கீறினால் அந்தப் பக்கம் மார்பே வளராமல் போகலாம். குழந்தைகள் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் காத்திருப்பதுதான் சரி. அந்த வயதிலேயே மகளிடம், "உடம்பு இப்படி மாறும், ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா அம்மாகிட்ட சொல்லு" என்று பேசிவிட்டால், அவள் இருபத்தைந்து வயதில் "நெஞ்சு வலி" என்று மாற்றிச் சொல்ல வேண்டிய நிலை வராது.

ஸ்கிரீனிங் வேறு, அறிகுறிக்குப் பரிசோதனை வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் நடக்கும் தாமதத்தில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் என்பது என் எண்ணம்.

ஸ்கிரீனிங் என்றால் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைக் கூப்பிட்டுச் சோதிப்பது. அதற்கு வயது வரம்பு உண்டு. இந்தியாவில் அரசுத் திட்டப்படி 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செவிலியர்கள் கையால் பார்த்துச் சொல்கிறார்கள், காசு கிடையாது. வரம்பு வைத்ததற்குக் காரணமும் இருக்கிறது. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் இருந்த 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை லட்சம் பெண்களில் ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பைக் கையால் பரிசோதித்தார்கள். இருபது ஆண்டுக் கணக்கு 2021இல் வெளிவந்தது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தன. மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மாமோகிராம் இயந்திரம் எதுவும் இல்லாமல், கைப் பரிசோதனையாலேயே கிடைத்த பலன் இது. ஐம்பதுக்குக் கீழே அந்த அளவு பலன் தெரியவில்லை.

அதற்கு என்ன பொருள்? தொந்தரவே இல்லாத இருபத்தைந்து வயதுப் பெண்ணை வருடா வருடம் சோதிப்பதில் பெரிதாக லாபமில்லை என்பதுதான். கட்டியோடு வந்து நிற்கிற இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் இந்த வரம்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் ஸ்கிரீனிங்குக்கு வரவில்லை, அறிகுறியோடு வந்திருக்கிறாள். அவளுக்கு வயது வரம்பே கிடையாது. "முப்பது ஆனதுக்கு அப்புறம் வாம்மா" என்று அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது. யாராவது அனுப்பினால் வேறொருவரிடம் போக வேண்டும்.

இங்கிலாந்தில் கிறிஸ் ஹாலெங்கா என்ற பெண்ணுக்கு இதுதான் நடந்தது. கட்டி என்று போனவரை ஹார்மோன் மாற்றம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா விடாமல் வற்புறுத்திய பிறகுதான் பரிசோதனை நடந்தது. 2009இல் புற்றுநோய் என்று உறுதியானபோது அவருக்கு 23 வயது. அதற்குள் முதுகெலும்புக்குப் பரவி நான்காம் ஸ்டேஜ். அதே ஆண்டில் தன் இரட்டைச் சகோதரியோடு சேர்ந்து காப்பாஃபீல் என்ற அமைப்பைத் தொடங்கினார். இளவயதில் இந்த நோய் வந்த பெண்களே பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசினார்கள். குளியலறையில் ஒட்டிக்கொள்ள, "மார்பைப் பார்த்தாயா?" என்று நினைவூட்டும் சின்ன ஒட்டிகள் தந்தார்கள். நான்காம் ஸ்டேஜோடு பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து இந்த வேலையைச் செய்துவிட்டு, 2024 மே மாதம் தன் 38ஆவது வயதில் காலமானார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இளம்பெண் ஒருத்தி தன் உடம்பைத் தெரிந்து வைத்திருக்கட்டும், அவள் சொன்னால் கேட்கட்டும்.

தெரிந்துவைத்துக்கொள்வது எப்படி

மாதாமாதம் தேதி குறித்து, கடிகாரச் சுற்றில் விரலை நகர்த்திச் செய்யும் சுயபரிசோதனையை ஒரு காலத்தில் கட்டாயமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சீனாவில் ஷாங்காய் துணி ஆலைகளில் வேலை செய்த சுமார் 2.66 லட்சம் பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பத்தாண்டுக்கும் மேல் பின்தொடர்ந்து 2002இல் முடிவு வந்தது. முறைப்படி கற்றுக்கொண்டு செய்த பெண்களிடம் மரணம் குறையவில்லை, துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிகள்தான் தேவையில்லாமல் கூடியிருந்தன. அதனால் இப்போது சொல்வது, பரீட்சை எழுதுவது மாதிரிச் செய்ய வேண்டாம், உங்கள் மார்பு உங்களுக்குப் பழகியிருந்தால் போதும் என்பதே.

பீரியட்ஸ் தொடங்கி ஒரு வாரம் கழித்து, மார்பு தளர்ந்திருக்கிற நாளில், சோப்பு போட்டுக் குளிக்கும்போது விரல் நுனியின் சதைப்பகுதியால் தடவிப் பாருங்கள். அக்குளையும் கழுத்தெலும்பு வரையும் சேர்த்துப் பாருங்கள். கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கியும் இறக்கியும் ஒருமுறை பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் இயல்பு உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு புதிதாக வந்தது எதுவென்று கை தானாகச் சொல்லும்.

புதிதாக வந்த கட்டி, அதுவும் கல் மாதிரிக் கெட்டியாக, ஓரம் சீராக இல்லாமல், நகர்த்தினால் நகராமல் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. ஓரிடத்தில் தோல் உள்ளே இழுத்துக் குழி விழுவது, சாத்துக்குடித் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடிப்பது, நேராக இருந்த காம்பு உள்ளே போவது, அமுக்காமலே ஒரு காம்பிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ கசிவது, காம்பில் ஆறாத சொறி, அக்குளில் நெறி கட்டுவது, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவப்பது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதில் கூடுதல் கவனம் தேவை. சீழ்க்கட்டி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தும் பத்து நாளில் குறையவில்லை என்றால், கட்டியே தெரியாமல் மார்பு முழுக்கச் சிவந்து வீங்குகிற ஒரு வகைப் புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும்.

சொறிக்குக் களிம்பு போட்டு ஒரு வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். களிம்பில் ஆறவில்லை என்பதே ஒரு தகவல்.

பால் கொடுக்கும் காலம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இளம்பெண்கள் ஏமாந்துபோவது இங்கேதான் அதிகம். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் மார்பு பெரிதாகி, கெட்டியாகி, அங்கங்கே திரண்டு கிடக்கும். "பால் கட்டிக்கிச்சு, ஒத்தடம் குடு" என்று பாட்டி சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். குழந்தை குடித்த பிறகோ, பாலைப் பீய்ச்சிவிட்ட பிறகோ, ஒத்தடத்தாலோ பால்கட்டு கரைந்துவிடும். இரண்டு வாரம் ஆகியும் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தால் அது பால்கட்டு என்று வீட்டிலிருந்தபடி முடிவு செய்யக் கூடாது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பால் கொடுக்கும்போதும் எடுக்கலாம், கர்ப்பத்திலும் எடுக்கலாம். பயாப்சியும் செய்யலாம். அதற்காகப் பாலை மறக்கடிக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தில் புற்றுநோய் உறுதியானாலும் எல்லாம் முடிந்துபோனதாக நினைக்க வேண்டாம். அறுவைசிகிச்சை செய்யலாம். முதல் மூன்று மாதம் தாண்டிய பிறகு, புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் கீமோ மருந்துகளில் சிலவற்றைக் குழந்தைக்குப் பாதுகாப்பாகக் கொடுக்க முடிகிறது. ரேடியேஷன் என்ற கதிர் சிகிச்சையையும் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையையும் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிவைப்பார்கள்.

மூன்று சோதனைகள்

கட்டி என்று போனால் மூன்று வேலை நடக்க வேண்டும். கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் துளி சதை எடுப்பது. மூன்றும் ஒரே விடையைச் சொன்னால்தான் நிம்மதி. கையால் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்று சொல்வது முழு விடையாகாது. ஸ்கேனில் சந்தேகமே இல்லாத சாதாரண நீர்க்கட்டி என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மற்றபடி பெரும்பாலும் மூன்றும் வேண்டும்.

இளவயதில் முதல் படம் அல்ட்ராசவுண்ட். மாமோகிராமில் கொழுப்பு கறுப்பாகவும் நார்த்திசுவும் சுரப்பித் திசுவும் வெள்ளையாகவும் தெரியும். புற்றுநோயும் வெள்ளைதான். இளம்பெண்ணின் மார்பில் கொழுப்பு குறைவு, திசு அடர்த்தி. பனிமூட்டத்தில் வெள்ளைப் பசுவைத் தேடுவது மாதிரி ஆகிவிடும். வயது ஏற ஏறக் கொழுப்பு கூடுவதால் நாற்பதுக்கு மேல் மாமோகிராம் நன்றாக வேலை செய்கிறது. சந்தேகம் இருந்தால் இளம்பெண்ணுக்கும் மாமோகிராம் எடுப்பார்கள். அதில் வரும் கதிர்வீச்சு மிகக் குறைவு, பயம் வேண்டாம்.

"ஊசி குத்துனா பரவிடும், கத்தி பட்டா வெடிச்சிடும்." இதை ஊரில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்போம்! இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் புரிகிறது. முற்றிப்போன பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்குப் பயாப்சி எடுத்த சில மாதத்தில் நோய் பரவியிருப்பது தெரிந்திருக்கும். ஊசியால் பரவியது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. உண்மையில் ஊசி எடுக்காவிட்டால் எந்த வகைப் புற்றுநோய் என்று தெரியாது, தெரியாமல் சரியான மருந்து கொடுக்க முடியாது. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் வேறு. பயாப்சி எடுக்காமலேயே சின்னக் கிளினிக்கில் கட்டியை மட்டும் கீறி எடுத்துவிட்டு, எடுத்ததைப் பரிசோதனைக்கும் அனுப்பாமல் விடுவதுதான் ஆபத்து. முதலில் ஊசி, பிறகு திட்டம், அதன் பிறகு கத்தி.

ஏன் எனக்கு?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்களுக்குச் சரியான பதில் கிடைப்பதில்லை. கருப்பு பிரா போட்டதாலோ, செல்போனை ஜாக்கெட்டில் வைத்ததாலோ, அடிபட்டதாலோ, டியோடரன்ட்டாலோ வந்ததாக எந்தச் சான்றும் கிடையாது. கண்திருஷ்டியோ பாவமோ காரணமில்லை. பால் கொடுத்த பெண்களுக்கு ஆபத்து கொஞ்சம் குறைவு, மது கொஞ்சம் கூட்டும், உடலுழைப்பு குறைக்கும். ஆனால் இரண்டு குழந்தைக்குப் பால் கொடுத்த பெண்ணுக்கும் வருகிறது. அவளைக் குற்றவாளியாக்கும் பேச்சு எதுவும் வேண்டாம்.

நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்குப் பரம்பரை காரணம். உடம்பில் சேதமான மரபணுவைப் பழுதுபார்க்கும் பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற இரண்டு மரபணுக்கள் எல்லோரிடமும் உண்டு. அதில் ஒன்றில் பிழையோடு பிறந்த பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம், அதுவும் இளவயதிலேயே. கருமுட்டை உருவாகும் சினைப்பையில் வரும் புற்றுநோய்க்கும் வாய்ப்பு அதிகம். குடும்பங்களில் இந்த நோய் வரிசையாக வருவதற்கு மரபணுதான் காரணம் என்று 1990இல் காட்டியவர் மேரி கிளேர் கிங் என்ற பெண் விஞ்ஞானி. ஏஞ்சலினா ஜோலி 2013இல் நோய் வருமுன்னே இரண்டு மார்பையும் எடுத்துக்கொண்டதற்கும் இந்தப் பிழைதான் காரணம்.

இந்தப் பிழை அப்பா வழியாகவும் வரும். "அம்மா வீட்டுப் பக்கம் யாருக்கும் இல்லையே" என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். அத்தைகளையும் அப்பாவின் அம்மாவையும் விசாரியுங்கள். "வயித்துல கட்டி வந்து செத்துப்போனாங்க" என்று சொல்லும் ஒரு பெரியம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது ஐம்பதுக்குள் வந்திருந்தாலோ, ஓர் ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலோ மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டுச் சோதனை செய்யலாம். பிழை இருப்பது தெரிந்தால் 25 வயதிலிருந்தே எம்ஆர்ஐ வைத்துக் கண்காணிக்கும் வழி இருக்கிறது.

இந்தியாவில் இந்த நோய் அதிகம் தெரியவருவது 45, 50 வயதை ஒட்டி. மேலைநாடுகளைவிடப் பத்தாண்டு முன்னால். 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி இந்தியாவில் புதிதாக வந்தவர்கள் ஏறக்குறைய 1.92 லட்சம் பேர், இறந்தவர்கள் 98 ஆயிரம் பேர். நோய் வந்து ஐந்தாண்டு கடந்து உயிரோடு இருப்பவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்குத் தொண்ணூறு, இங்கே 66 என்று 2010–14 காலத்துக்கான உலக ஒப்பீடு ஒன்று சொல்கிறது. இந்த இடைவெளியில் பெரும்பங்கு நாம் தாமதமாகப் போவதால் வருவது.

சிகிச்சை என்றால்

பயாப்சிச் சதையில் மூன்றைப் பார்ப்பார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றனவா, ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா. ஹார்மோன் ஏற்பி இருந்தால் டமாக்சிஃபென் போன்ற, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் ஐந்து முதல் பத்தாண்டு. ஹெர்2 இருந்தால் அதற்கென்றே 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்து இருக்கிறது. மூன்றுமே இல்லையென்றால் டிரிப்பிள் நெகட்டிவ் என்பார்கள். இளம்பெண்களிடம் இது கொஞ்சம் அதிகம், கீமோதான் அதற்கு முக்கிய ஆயுதம்.

மார்பையே எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வராமல் இருப்பவர்கள் ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் மார்பையும் அடித்தசையையும் அக்குள் நெறிகளையும் மொத்தமாக எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல பத்தாண்டுகள் அதுதான் நடந்தது. இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் ஃபிஷரும் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்துப் பார்த்தார்கள். இருபது ஆண்டு கழித்து 2002இல் வெளியான கணக்கில் இரண்டு முறையிலும் உயிர் பிழைப்பது சமமாகவே இருந்தது. சிறியதாக இருக்கும்போது வந்தால் மார்பைக் காப்பாற்ற முடியும். வராமல் ஒளிந்துகொள்வதுதான் மார்பை இழக்க வைக்கிறது.

இளம்பெண் ஒருத்தி கீமோ தொடங்கும் முன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதுக்குப் பிறகு எனக்குக் குழந்தை பிறக்குமா?" கீமோ சினைப்பையைப் பாதிக்கலாம். முன்னதாகவே கருமுட்டையோ கருவோ எடுத்து உறையவைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். பெரும்பாலான நேரங்களில் அவ்வளவு நாள் காத்திருக்க முடியும். யாரும் அவளிடம் சொல்லாமலே கீமோ தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்கத் தயங்குகிறார்கள். அவளுக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை 18 முதல் 30 மாதம் சாப்பிட்டுவிட்டு, இரண்டாண்டு வரை நிறுத்திக் குழந்தை பெற முயன்ற சுமார் 500 பெண்களைப் பற்றிய பாசிட்டிவ் என்ற ஆய்வு 2023இல் வந்தது. ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் கருத்தரித்தார்கள். முதல் சில ஆண்டுகளில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்ட காலக் கணக்கு இன்னும் தொடர்கிறது. நிறுத்துவதை டாக்டரோடு பேசித்தான் செய்ய வேண்டும். மாத்திரை சாப்பிடும் காலத்தில் கரு உண்டாகக் கூடாது. தடுக்க ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை கூடாது, காப்பர் டி அல்லது ஆணுறைதான்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954இல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும் வரை அதைத் தன் வீடாகவே வைத்திருந்தார். பணமில்லாதவரும் போகக்கூடிய இடம் என்று அதை வளர்த்தவர்கள் இவர்கள். பணமில்லையே என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

கூட நிற்பது

"தைரியமா இரு" என்று சொல்லும்போது நாம் நம் பயத்தைத்தான் ஆற்றிக்கொள்கிறோம். அவளுக்குத் தேவைப்படுவது ஃபைலை எடுத்துக்கொண்டு கூட வருகிற ஒருவர். டாக்டர் சொல்வதில் பாதி அந்த அதிர்ச்சியில் காதில் ஏறாது. கூடப் போகிறவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் கீமோ ஆகி இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். முன்கூட்டியே தெரிந்தால் அவளே முடிவெடுத்து வெட்டிக்கொள்வாள். தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைப் பார்க்க வேண்டியிருக்காது. முடி திரும்ப வளரும். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைக்காமல், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சாதாரணக் கிருமியும் உயிரைப் பறிக்கும்.

தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்காதீர்கள், இது தொற்றுநோயில்லை. "கரண்ட் வைக்கிறாங்க" என்று நாம் சொல்லும் ரேடியேஷன் முடிந்து வீட்டுக்கு வரும் தாயின் உடம்பில் எந்தக் கதிரும் மிச்சமில்லை. குழந்தையை அவள் மடியில் வைத்துக்கொள்ளலாம். அக்குள் நெறி எடுத்தவர்களுக்கு அந்தக் கை வீங்க வாய்ப்புண்டு. வீங்கத் தொடங்கியதும் சொன்னால் பயிற்சியாலும் கட்டுத்துணியாலும் அடக்க முடியும். மார்பை எடுத்தவர்களுக்குப் பருத்தி நூலில் பின்னிய லேசான செயற்கை மார்பு கிடைக்கிறது. நம் வெயிலுக்கு அது சிலிக்கானைவிடச் சௌகரியம். கணவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அந்தத் தழும்பைப் பார்ப்பது, எந்த ஆறுதல் வார்த்தையையும்விட அவளுக்குத் தெம்பு தரும் என்று நினைக்கிறேன்.

கல்யாணப் பேச்சு நடக்கிற வீடுகளில் "வெளியே தெரிய வேண்டாம்" என்று மறைக்கிறார்கள். அவள் வெளியே சொல்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. மறைப்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிவைப்பது மட்டும் கூடாது. முகூர்த்தம் முடியட்டும், ஆடி போகட்டும் என்று மூன்று மாதம் நாம் காத்திருந்தால் நோய் காத்திருக்காது. நாட்டு மருந்துக் கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருப்பதும் அப்படித்தான்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஏதோ ஓர் இடம் நினைவுக்கு வந்திருந்தால், அடுத்த பீரியட்ஸ் முடியும் வரை மட்டும் பாருங்கள். கல் போலக் கெட்டியாகவோ, இரத்தக் கசிவோடோ இருந்தால் அதுவரைகூட வேண்டாம். பெண் டாக்டர் வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். எதிரில் உட்கார்ந்ததும் நெஞ்சு என்று தொடங்காமல் இப்படிச் சொல்லுங்கள்: "வலது மார்புல, அக்குள் பக்கமா, ஒரு கட்டி இருக்கு. போன மாசம் பார்த்தேன், பீரியட்ஸ் முடிஞ்சும் போகல. எங்க அத்தைக்கு நாப்பது வயசுல வந்திருக்கு. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுங்க டாக்டர்." வயசைச் சொல்லி அனுப்பப் பார்த்தால், "ஸ்கேன் பார்த்துட்டு நீங்க சொன்னா போயிடறேன்" என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருங்கள்.